ஒருவர் மட்டும் மிஞ்சினால்

எண்கள் வந்தன. பெயர் வரவில்லை.

அவள் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அவள் படித்த படிப்புக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

மறுபடியும் எண்கள். நூல் அறுந்த பாசிமணி போல.

அட்டவணை அவள் செய்தது. ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு நோயாளிக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. தலையில் பெயர், கீழே அவர் ரத்தத்தில் எடுத்த மரபணு அளவுகள். மாதாமாதம் புற்றுநோய் வார்டிலிருந்து புது விவரம் வரும். ‘உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடு’ என்று அவள் எழுதிவைத்த ஒற்றை வரி, மற்றவர்களை ஓசையில்லாமல் ஒதுக்கிவிடும்.

தொடக்கத்தில் திரையை இழுத்து இழுத்துத்தான் கடைசிப் பெயரைப் பார்க்க முடியும்.

போன மாதம் இழுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டே பெயர்.

சூசைமிக்கேல். பேச்சிமுத்து.

ஒருவர் தூத்துக்குடி, ஒருவர் அம்பாசமுத்திரம். ரத்தம் கொடுக்க வந்த இடத்தில் சிநேகமானவர்கள். அவளைக் கண்டால் இருவருக்கும் ஒரே கேள்விதான்.

“என்ன கம்ப்யூட்டரம்மா, நாங்க ரெண்டு பேரும் இன்னும் பெட்டிக்குள்ளதான இருக்கோம்?”

தவறு பிடிபட்டது.

பத்திகள் பலவாக இருக்கும்வரை இயந்திரம் அதை அட்டவணையாக மதிக்கும். ஒன்றே ஒன்று மிஞ்சினால், இதற்கு எதற்கு அட்டவணை என்று சட்டத்தைக் கழற்றிவிடும். சட்டத்தோடு பெயரும் போய்விடும்.

ஒன்றானாலும் பெயரை விடாதே என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். ஒருவர் மட்டும் மிஞ்சும் நாள் வராது என்று விட்டுவிட்டாள். சோம்பலுக்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்படியானால், ஒருவர்.

இப்போது சேர்த்தாலும் போதும். பெயர் வந்துவிடும்.

அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தாள். எழுத்தெழுத்தாக அழித்தாள்.

பெயர் வராதவரை இருவருக்கும் பாதிப் பாதி உயிர் இருந்தது.

தண்ணீர் பிடிக்கப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு பாட்டிலோடு எழுந்தாள். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

வராந்தாவில் சூசைமிக்கேல் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய துண்டு, சுருக்கமில்லாமல் நீவி விரித்திருந்தது.

“அதுல உக்காந்துராத தாயி. பேச்சிமுத்துக்குப் போட்டு வச்சிருக்கேன். காலையிலேருந்து போன எடுக்க மாட்டேங்கான், கழுத. பஸ்ல ஒறங்கிக்கிட்டு வாரான் போல.”

வழக்கமான கேள்விக்கு அவர் வாயெடுக்கும் முன், துண்டுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

துண்டின் ஒரு முனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எடுத்து நாற்காலி மேல் போட்டாள்.