ஹபீல் நானாவின் கள்ளன்

சாப்பாட்டுச் சஹன் இன்னும் வரவில்லை. அதனால் ஹபீல் நானா கள்ளன் கதையைத் தொடங்கினார்.

மஹய்யாவையில் மாமனார் வீட்டு முற்றம். மச்சினியின் கலியாணம். பந்தலுக்குள் பாயில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பசியோடு கேட்டார்கள். வீட்டின் மூத்த மருமகன் பேசும்போது எழுந்து போக முடியாது. போனால் சாப்பாடும் போய்விடும்.

பிள்ளைகளோடு கண்டிக் கடைத்தெருவுக்குப் போகிறவன் எப்படிப் போக வேண்டும் என்பதுதான் கதை. கடுகண்ணாவையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹபீல் நானாவுக்கு இந்த விஷயத்தில் தெரியாதது எதுவும் இல்லை. பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டியில் மனிதர்களைவிட முடிச்சுமாறிகள் அதிகம் என்பது அவருடைய கணக்கு. போன மாதம் அவர் போனதும் பெரஹரா நாளில்தான்.

முதலில் பிள்ளைகளின் நகையைக் கழற்ற வேண்டும். கழற்றினார். மூத்தவள் மஸீனாவின் காதுகளில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குத் துண்டுகள் ஏறின. சின்னவன் றவூபின் வெள்ளி அரைஞாண் அலுமாரிக்குள் போனது. கைக்குழந்தையிடம் கழற்ற ஒன்றும் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு றவூபின் கையைக் கைலேஞ்சியால் தன் இடுப்பு வாரோடு சேர்த்துக் கட்டினார். வாருக்குள் பணம். பணத்தின் மேல் ஒரு கை. அந்தக் கைக்குக் காவலாக இன்னொரு கை. பையன் தடுக்கி விழுந்தபோது தூக்கிவிடக் கை மிச்சமில்லை. அவனாகவே எழுந்துகொண்டான்.

மனைவி கைரியா கைக்குழந்தையோடு, கடை வாசலில், திரை கட்டிய வாடகை மாட்டுக் கரத்தைக்குள் இருந்தாள். துணிக்கடைக்குள் கால் வைக்க அவளுக்கு அனுமதி இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் துணியை மஸீனா கொண்டுபோய்த் திரைக்குள் நீட்டுவாள். உள்ளே இருந்து ஒரு கை வந்து வாங்கும். பிடிக்காதது திரும்பி வரும். கண்ணியமான குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் வாங்கின.

மஸீனாவுக்கு எட்டு வயது. ரயிலில் வந்த வழியெல்லாம் அவளுக்கு ஒரே பாடம். தெரிந்த கையில் தவிர வேறு எந்தக் கையிலும் சாமானைக் கொடுக்கக் கூடாது.

வாங்க வந்தது மணப்பெண்ணுக்கு ஒரு பட்டு. கைரியா தனக்கும் ஒன்று கேட்டிருந்தாள். ஒன்பது வருஷமாக எல்லாக் கலியாணத்துக்கும் அவள் தன் கலியாணப் பட்டையே கட்டிக்கொண்டு போகிறாள். கூடப்பிறந்த தங்கச்சியின் கலியாணத்துக்காவது வேறொன்று கட்டிக்கொள்ள ஆசை.

றப்பர் விலை விழுந்து கிடக்கிற காலத்தில் உனக்குப் பட்டா என்று ஹபீல் நானா கேட்டார். பொம்பிளைகள் பக்கத்தில் திரைக்குள் இருக்கிறவளை யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சியதைத் தடிமன் என்று நினைத்து, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார்.

இந்தப் பகுதியை அவர் பந்தலில் சொல்லவில்லை. கள்ளன் கதைக்கு இது எதற்கு?

கடையில் இரண்டு பட்டுகள் திரைக்குள் போயின. ரோஜா நிறம் திரும்பி வந்தது, மணப்பெண்ணுக்கு இதுவே அழகு என்ற சொல்லோடு. மயில் கழுத்து நிறம் வரவில்லை.

மஸீனா வாயைத் திறப்பதற்குள் ஹபீல் நானாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சற்று முன்பு வாசலில் திரை கட்டிய கரத்தை இன்னொன்றும் நின்றது. இப்போது அது இல்லை. பிள்ளை கரத்தை மாறிக் கொடுத்திருக்கிறாள். அதற்குள்தான் கள்ளன் இருந்திருக்கிறான், கையில் வளையல் போட்டுக்கொண்டு.

உங்கள் கரத்தையையும் ஒரு தடவை பார்க்கலாமே என்று கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். நடுத்தெருவில் மனைவியின் திரையை விலக்குவதா? ஹபீல் நானா அப்படிப்பட்ட மனிதர் அல்ல. இரண்டு பட்டுக்கும் பணத்தைக் கொடுத்தார். கைரியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை. திரைக்கு வெளியே நின்று, கள்ளர்கள் எந்தெந்த வேஷத்தில் வருவார்கள் என்று அவளுக்கு விளக்கினார்.

பந்தலில் எல்லோரும் தலையாட்டினார்கள். போன தடவை கேட்டபோது கள்ளனுக்கு வளையல் இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மஸீனா வெற்றிலைத் தட்டோடு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். ஹபீல் நானா அவளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். பிள்ளைக்குப் பாடம் இன்னும் நினைவிருக்கிறது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றார்.

மூலையில் இருந்த நஸீம் மாமா பசி பொறுக்காதவர். அவர்தான் கேட்டார்.

"அப்பிடியெண்டா மகள், அண்டைக்கு நீ யார்ட கைக்குக் குடுத்த?"

இதுவரை இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. மஸீனா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்ச கைக்குத்தான் குடுத்த."

பந்தல் சிரித்தது. ஹபீல் நானா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பாவம், ஏமாந்ததுகூட இன்னும் விளங்கவில்லை, பாடத்தை மட்டும் ஒப்பிக்கிறாள் என்று மகளின் தலையைத் தடவினார். அதற்குள் சஹன் வந்துவிட்டது. நஸீம் மாமாவுக்கு மேலே எதுவும் கேட்க நேரமில்லை.

மஸீனா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தங்கச்சிக்கு உதவியாக ஒரு கிழமைக்கு முன்பே வந்துவிட்ட கைரியா, ரோஜா நிறப் பட்டில் இருந்த மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளுடைய மயில் கழுத்து நிற முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

வாப்பா கள்ளன் கதையா சொல்கிறார் என்று கைரியா மகளிடம் கேட்டாள். மஸீனா தலையாட்டினாள்.

கைரியாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான். பிறகு முந்தானையை நீவிவிட்டு, அடுத்தவள் தொட்டுப் பார்க்க நீட்டினாள்.