அயோவாவில் ஐந்து அறை வீடு

"வீடு பெரிசுதான். ஐஞ்சு அறை. ஒரு மூலையிலை நிண்டு கத்தினா மற்ற மூலைக்குக் கேளாது. அயலுக்கும் கேளாது. அடுத்த வீடு ஒரு கிலோமீற்றர் தள்ளி."

கோசலை அக்கா இப்படிச் சொன்னதும் என் மாமியின் முகம் கறுத்துப்போனது.

தம்பிக்குப் பெண் பேசி வந்தவர்களிடம் எந்தத் தமக்கையாவது இப்படிக் கதைப்பாளா?

தம்பி மயூரன் அமெரிக்காவில் எஞ்சினியர். அயோவா மாநிலத்தில், சோளக் காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். முதல் கலியாணம் முறிந்துபோனது. இப்போது மாமியின் மகள், என் மச்சாள் சுஜாந்திக்கு அவரைப் பேசி வந்திருக்கிறது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. போட்டோவும் பிடித்துவிட்டது. நாளைக்கு ஓம் சொல்ல வேண்டும். அதற்கு முதல் ஒரு சொல் விசாரிப்போம் என்று புறநகர் ஸ்தேனிலிருந்து பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம். மாமி, சுஜாந்தி, நான், தள்ளுவண்டியில் என் மகன்.

மாமி விடவில்லை. "சொந்த வீடெல்லோ? அவர் வாங்கின காசுக்கு இஞ்சை ஒரு கார் நிப்பாட்டிற இடந்தான் வாங்கலாம்."

"ஆரும் போகாத இடத்திலை விலை எப்பிடி அன்ரி ஏறும்?"

"சாமானுகளும் மலிவாமே?"

"முட்டை மலிவு. பால் மலிவு. சோளம் சும்மா. கத்தரிக்காய் வேணுமெண்டா ஒண்டரை மணித்தியாலம் கார் ஓடவேணும். பெற்றோல் காசையும் போட்டுப் பாருங்கோ, கறி வைக்க மனம் வராது."

"பஸ்?"

"இருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு. உங்கடை மகளை ஏத்தமாட்டாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி பார்த்த பார்வையில் மகனின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"ஆஸ்பத்திரி கிட்டவோ?"

"இருந்தது, மூடிப்போட்டாங்கள். பிள்ளைப்பேறெண்டா எண்பது கிலோமீற்றர், அதுவும் பனிக்குள்ளை. சும்மா காய்ச்சலுக்குப் போனாலும், பில் வந்தாப் பிறகுதான் உண்மையான காய்ச்சல் வரும்."

அக்கா தேத்தண்ணி தந்தா. வெறுந்தேத்தண்ணி. ஒரு பிஸ்கற்கூட இல்லை. சம்பந்தம் பேசி வந்த சனத்துக்கு!

மாமி கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"குறை நினையாதையும் பிள்ளை. முதல் பெட்டை ஏன் விட்டிட்டுப் போனவள்?"

கோசலை அக்கா கோப்பையை மேசையில் வைத்தா.

"இடம் ஒத்துவரேல்லை. அஞ்சு மாதம் பனி. கதைக்க ஒரு தமிழ்ச் சனமில்லை. சோளத்தைப் பார்த்துப் பார்த்து விசர் பிடிச்சிருக்கும். எந்தப் பெட்டை எண்டாலும் அங்கை இருக்கமாட்டாள்."

"தம்பியிலை பிழை ஒண்டும்..."

"அவனுக்கு நல்ல சம்பளம்."

சுஜாந்தி எழுந்துவிட்டாள். "அம்மா, எனக்கு வேண்டாம். நான் மெத்ரோவிலை வளர்ந்தவள். பஸ் இல்லாத ஊரிலை என்னெண்டு இருக்கிறது? வாங்கோ போவம்."

மாமி எவ்வளவு கெஞ்சியும் அவள் இருக்கவில்லை. படியில் இறங்கும்போது மாமி மேலே கேட்கவென்றே உரத்துச் சொன்னார்:

"எரிச்சல் பிடிச்ச மூதேவி! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் அள்ளிப் போட்டிட்டாள்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த அக்கா லாச்சப்பலில் புடவைக் கடை ஒன்றில் பகல் முழுக்க நின்று வேலை செய்து, இரண்டு அறைக்குள் நசிந்து கிடப்பவ. இன்னொருத்தி போய் ஐந்து அறையில் காலை நீட்டினால் வயிறு எரியாதா?

நாலாம் மாடி, லிஃப்ற் இல்லை. தள்ளுவண்டியோடு நான் வாசலில் திண்டாடுவதைப் பார்த்து அக்கா வந்து மறுபக்கத்தைப் பிடித்தா. உதவி செய்கிற ஆளிடம் வாயைக் கொடுக்கக் கூடாதுதான். இரண்டாம் மாடியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உங்கடை தம்பி வீட்டிலை இன்னொருத்தி வந்து நல்லா இருக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லைப் போலை."

"நல்லா இருப்பாளெண்டா நானே கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பன்."

"ஏன், அவ்வளவு கெட்ட ஊரோ?"

அக்கா படியில் நின்றா.

"தங்கமான ஊர் பிள்ளை. நான் ஆறு மாதம் இருந்தனான். கதவு பூட்டிறேல்லை. எனக்குக் காய்ச்சல் எண்டு அறிஞ்சு, பாஷையே விளங்காத சனம் மூண்டு நாள் சாப்பாடு கொண்டுவந்து தந்தது. லாச்சப்பலிலை இருவது வருசம் இருக்கிறன், இஞ்சை எனக்கு ஆர் கஞ்சி காய்ச்சித் தந்தது?"

"அப்ப ஏன் அப்பிடியெல்லாம் சொன்னனீங்கள்?"

"கூடப் பிறந்தவனைப் பற்றி வாய் திறந்தா, கலியாணம் குழப்பினவள் எண்டு என்ரை அம்மாவே என்னை வாசல்படி மிதிக்க விடமாட்டா. ஊரைப் பற்றிச் சொன்னா ஊர் கோவிக்காது. உங்களோடை சேத்து மூண்டு பொம்பிளைப் பகுதிக்குச் சொல்லிப்போட்டன்."

நான் வண்டியைப் படியில் இறக்கி வைத்தேன்.

"அப்ப... அந்த முதல் பெட்டை?"

"அவள் இப்பவும் அதே ஊரிலைதான் சந்தோசமா இருக்கிறாள்," என்றா கோசலை அக்கா, வண்டியை மறுபடி தூக்கியபடி. "என்ரை தம்பி அவளின்ரை வாசலுக்குக் கிட்டவும் போகக்கூடாதெண்டு கோர்ட் எழுதிக் குடுத்திருக்கு."