சொந்த இருமல்

"நான் போயிட்டா நீ தனியா என்னக்கா பண்ணுவ?"

முதுகில் கம்பி பதிக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் வழியில் தம்பி விளையாட்டாகக் கேட்டது. "காலை நீட்டித் தூங்குவேன் போடா" என்று அன்று சிரித்து மழுப்பியிருந்தாள் அக்கா.

இன்று இருமல் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் பையைத் திறப்பதற்குள் தம்பியின் நெஞ்சில் சளி கரகரத்தது. கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்த நாளிலிருந்து அவன் வயிறு இருமலை மறந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த பட்டனை மணிக்கட்டால் அழுத்தினான். முதுகுக்குள் பதித்த கம்பிகளில் மின்சாரம் பாய்ந்து, வயிறு இறுகி, இருமல் வெடித்திருக்க வேண்டும். பூனைத் தும்மல் மாதிரி ஒரு 'ஹ்க்'தான் வந்தது.

"நகருங்க!" அக்கா பாய்ந்து வந்து விலாவுக்குக் கீழே உள்ளங்கையை ஊன்றினாள். "ஒன்னு, ரெண்டு, மூணு!" மேல்நோக்கி அழுத்தியதும் சளி வந்தது. துடைத்துவிட்டாள்.

ஒன்பது வருடமாக இதே கை, இதே எண்ணிக்கை. இதற்காக வேலையை விட்டாள். கல்யாணப் பேச்சை விட்டாள். போனில் அழைத்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக அவளை விட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில ஜன்னல் அதிர இருமினீங்களே சார்!" என்றார் மெக்கானிக்.

"இந்த வீட்டுக்கு வந்ததும் மெஷினுக்கும் என் சோம்பேறித்தனம் ஒட்டிக்கிச்சு."

"நாற்காலியில இருக்கற கரண்ட் பெட்டியில தண்ணி, தூசி ஏதாவது பட்டுச்சாம்மா?"

"ஐயோ, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். காலையில பால் காய்ச்சிட்டு, ஆறேகாலுக்கு, இவன் முழிக்கறதுக்குள்ள துடைச்சு வெச்சிடுவேன்."

தம்பியின் குரல் இறங்கியது. "எப்படியாவது சரி பண்ணுங்க. விடுதியில இன்னைக்கு வரைக்கும்தான் எனக்கு ரூம் வெச்சிருப்பாங்க. அங்கேயே போன்ல பேசற வேலை, நல்ல சம்பளம். தானா இருமத் தெரிஞ்சா மட்டும் வான்னுட்டாங்க. வண்டிகூட வாசல்ல நிக்குது."

"போகலைன்னா என்னடா குடி முழுகிடும்? நான் இல்லையா உனக்கு?"

"இருக்கியே, அதான் கவலை. நீயும் கொஞ்சம் வாழ வேணாமாக்கா?"

அக்கா ஈரத் துணியை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மெக்கானிக் பெட்டியை லேப்டாப்போடு இணைத்து வெகுநேரம் பார்த்தார். "மெஷின்ல கோளாறே இல்ல சார். கரண்ட் அளவைக் குறைச்சு வெச்சிருக்கு."

"தானா குறையுமா?"

"குறையாது. யாராவது திருகினாத்தான்."

"சட்டை பட்டன் போடவே வராத விரல், நான் எங்க திருகறது?" என்று சிரித்தான் தம்பி.

மெக்கானிக் சிரிக்கவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பினார். "திருகின நேரமெல்லாம் இதுல பதிவாயிடும் சார். ஆஸ்பத்திரி நர்ஸ் மூணு தடவை வந்து கூட்டி வெச்சிருக்காங்க. மூணு தடவையும் மறுநாளே குறைஞ்சிருக்கு... காலையில ஆறேகாலுக்கு."

அளவைக் கூட்டினார். தம்பி பட்டனை அழுத்தினான். ஜன்னல் அதிர்ந்தது.

பழக்கத்தில் அவன் விலாவை நோக்கி நீண்ட அக்காவின் கை பாதியில் நின்றது. தம்பி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி, வாசலில் நின்ற வண்டிக்குப் போய்விட்டான்.