மருமகள் எடுத்த கேசட்

பாண்டியம்மாள் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே வீடியோ கடை மலையாண்டி பத்த வைத்துவிட்டான்.

"அக்கா, உங்க தம்பி பொண்டாட்டி டெக்கும் ஒரு கேசட்டும் வாடகைக்கு எடுத்துட்டுப் போயிருக்கு. பொம்மைப் படந்தான், ஆனா பெரிய ஆளுக பாக்குறது. ஒரே அசிங்கம். வேணாம்னேன், அதுதான் வேணும்னு நின்னு வாங்கிட்டுப் போச்சு."

பாண்டியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்த அப்பன் ஒரு வாரமாகச் சோற்றைத் தொடவில்லை. இப்படியே போனால் ஆளைத் தேற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் மருமகளுக்கு வீடியோ கேட்குதாக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தால், டி.வி.யில் ஒரு குண்டு ராஜா குனிகிறான். பின்பக்கம் டமார் என்று வெடிக்கிறது. மந்திரியின் தலைப்பாகை பறக்கிறது, அரண்மனைக் கூரையே எகிறிப் போகிறது.

ஆறு வருஷமாக மாமனார் முன்னால் உட்கார்ந்தே அறியாத அன்னக்கொடி, அவர் கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டுச் சிரிக்கிறாள். கட்டிலில் அய்யா வீரணனும் சிரிக்கிறார்.

"வெக்கமா இல்ல உனக்கு? மாமனாரோட உக்காந்து பாக்குற படமாடி இது?"

அன்னக்கொடி பதறி எழுந்தாள். "இல்ல மதினி..."

"வாயத் தொறக்காத. தம்பி வரட்டும். உன்னைய உங்காத்தா வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்."

"அவளத் திட்டாத தாயி" என்றார் வீரணன். அவர் மடியில் வட்டில் இருந்தது. பாதிச் சோறு காலி.

பாண்டியம்மாள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். "சோறு தின்னியாய்யா?"

"ஆபரேசனுக்குப் பெறகு காத்துப் பிரியிறத என்னால அடக்க முடியலத்தா. அடுத்தவுக முன்னாடி மானம் போகுது. தின்னாத்தான இந்த வம்புன்னு வாயக் கட்டிக்கிட்டேன். இந்தப் பிள்ள எப்பிடியோ கண்டுக்கிருச்சு. மகாராசாவே இம்புட்டு விடுறாரு, உங்களுக்கு என்ன மாமான்னு படத்தப் போட்டு வட்டிலக் கையில குடுத்துச்சு. சிரிச்சுக்கிட்டே தின்னுட்டேன்."

பாண்டியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை, வேறு பக்கம் திரும்பியது.

"பெத்த மக நான் இருக்கேன்ல, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? உன்னைய எவன் என்ன சொன்னான்? பேரச் சொல்லுய்யா, நாக்க இழுத்து வெச்சு அறுத்துடுறேன்."

அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல தாயி. போன செவ்வாக்கெழம பக்கத்துல உக்காந்திருந்த நீதான், முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போன."

வீரணன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

"அத விடு. இப்பிடி வந்து உக்காரு. அடுத்து ராணி விடப்போறா."