தண்ணீருக்கு விட்ட வழி

இங்கிலாந்தின் அந்தப் பழைய மாளிகைத் தோட்டத்தில், மேட்டு மண்ணை முந்நூறு வருஷமாகத் தாங்கி நின்ற கல்சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அதை இடிப்பதா விடுவதா என்று சொல்ல வேண்டியவள் பொறியாளர் சிவதர்சினி.

“இடிக்கிறதுதான் நல்லது, தங்கச்சி. ஆக்களுக்கு மேல விழுந்தா என்ன செய்யிறது?” என்றார் கூட வந்த மேசன் நவரத்தினம்.

அவள் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஓரிடத்தில் குனிந்து, அடியில் படர்ந்திருந்த கொடியை விலக்கினாள். கையளவு சதுரத் துளை ஒன்று வேர் அடைத்துக் கிடந்தது. வேரைப் பிடுங்கியதும் முதலில் சேறு வந்தது. பிறகு, எத்தனை மழையின் தண்ணீரோ, பீறிட்டுப் பாய்ந்து அவள் கால் சப்பாத்தை நனைத்தது.

“தண்ணி போக வழியில்லாமத்தான் தள்ளியிருக்கு, அண்ணை. கட்டினவன்ர பிழையில்லை.”

நாலு எட்டு நடந்து மறுபடி கொடியை விலக்கினாள். அங்கும் ஒரு துளை. இன்னும் நாலு எட்டு. அங்கும்.

“எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிக்கிறீர்?”

“நான் கட்டியிருந்தாலும் தண்ணிக்கு இதிலதான் வழி விட்டிருப்பன்.”

நவரத்தினம் சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு எட்டு எண்ணி நடந்து, ஈரப்புல்லில் முழங்காலிட்டுக் கொடியை விலக்கினார்.