இங்கிலாந்து எப்போது வரும்?

“எதிரி எங்க ஊட்டுக்குள்ள பூந்துட்டான்!”

சுமித்ராவின் குரல் கிறீச்சிட்டது.

“ஊட்டுக்குள்ள இல்லம்மா, நாட்டுக்குள்ள” என்று ஸ்டீபன் சார் உதட்டை அசைக்காமல் திருத்தினார். பத்தாம் வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆய்வு அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் பக்கத்தில், பெற்றோர் சார்பில் வந்திருந்த பூபதி, தன் மகள் கோகிலா பேசப்போவதை வீடியோ எடுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

ஸ்டீபன் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. போன ஆய்வில் அவருடைய வகுப்பு திருதிருவென்று விழித்ததில், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. “இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்” என்று தலைமையாசிரியை மைதிலி காலையில்தான் சொல்லியிருந்தார்.

அதனால்தான் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை விவாதமாக்கி, ராத்தூக்கம் கெட்டு வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். சுமித்ரா ரஷ்யா, கோகிலா இங்கிலாந்து. ஜெர்மனியோடு தனியாக மல்லுக்கட்டும் ரஷ்யா, ‘நீங்களும் மேற்கிலிருந்து தாக்குங்கள்’ என்று கெஞ்ச வேண்டும். இங்கிலாந்து சாக்குச் சொல்லி நாள் கடத்த வேண்டும். இருவரும் ஒரே பெஞ்ச், இணைபிரியாத சிநேகிதிகள். சொதப்ப மாட்டார்கள் என்று நம்பியிருந்தார்.

ஆனால் சுமித்ரா கையில் இருந்த காகிதத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதிகாரியைக் கண்ட பயம் என்று நினைத்துக்கொண்டார்.

“நாங்கள் தனியாக நின்று போராடுகிறோம். இரண்டாவது போர்முனையை எப்போது திறப்பீர்கள்?” என்றாள் சுமித்ரா.

கோகிலா எழுந்தாள். கண்கள் கடைசி வரிசைக்கு ஓடிப்போய்த் திரும்பின. “எங்களிடம் போதிய கப்பல்கள் இல்லை. ஆயத்தமில்லாமல் கரையிறங்கினால் எங்கள் வீரர்கள் மடிவார்கள். சற்றுப் பொறுங்கள்.”

அப்பாடா, ஒரு வார்த்தை பிசகவில்லை. ஸ்டீபனுக்கு மூச்சு வந்தது.

சுமித்ரா காகிதத்தைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“எத்தன நாளைக்குப் பொறுக்கறது? வாரேன் வாரேன்னு சொன்னியே! நானும் ஒத்தையில நின்னு முடியாது முடியாதுன்னு சொல்லிப் பாத்துட்டேன். என்ற பேச்ச அங்க ஆரு கேக்கறாங்க?”

இது ஸ்டீபன் எழுதிய வசனமே இல்லை. “பேப்பரப் பாத்துப் பேசும்மா” என்றார். அவள் பார்க்கவில்லை.

“நான் தொறந்தா மொதக் குண்டு எங்க தலையிலதான் உழும்” என்றாள் கோகிலா. “அது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நீ வரலீன்னா நான் முடிஞ்சேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் ஸ்டீபன். “சரிம்மா, நேரமாச்சு, இதோட முடிச்சுக்கலாம்” என்று அவசரமாக எழுந்தார்.

“பேசட்டும் சார்” என்று அதிகாரி கையமர்த்தினார்.

அப்போதுதான் ஸ்டீபன் கவனித்தார். இரண்டு பெண்களில் ஒருத்திகூட அதிகாரியைப் பார்க்கவில்லை. பூபதியின் செல்போன் மடிக்கு இறங்கியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“கண்ணு, போதும். உக்காரு சாமி” என்றார் பூபதி.

அதட்டல் இல்லை, அன்பான குரல்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் ஸ்டீபனுக்குப் பிடரி சில்லிட்டது. இது ஆய்வைப் பற்றிய பயம் இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. வேறு எதைப் பற்றி என்பது புரியவில்லை.

கோகிலா உட்காரவில்லை. எட்டி சுமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்காமல் ஸ்டீபனைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கெழம இவளுக்குக் கல்யாணமுங்க சார். மாப்ள எங்கண்ணனுங்க!”