காலி இருக்கையின் பெல்ட்

கிள்ளான் கோயில் வாசலில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர்: புதுக் காரை ஓட்டிய தம்புசாமி, பின்னிருக்கையில் அவர் மகள் விஷ்ணுப்ரியா, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்த பூசாரி.

பூசை முடிந்தது. பழங்களை நசுக்கிக்கொண்டு கார் புறப்பட வேண்டும். நகர்ந்த உடனே பெல்ட் மணி அடித்தது. அப்பாவும் மகளும் பெல்ட் போட்டிருந்தார்கள். விளக்கு எரிந்தது தம்புசாமிக்குப் பக்கத்து இருக்கைக்கு. அதில் யாரும் இல்லை, ஒரு பூச்சரம்கூட இல்லை.

“நாலடி போறதுக்கு பெல்ட் எதுக்குங்கய்யா? சும்மா போங்க லா,” என்று பூசாரி சிரித்தார்.

“அம்மாவும் அன்னைக்கு இதையேதான் சொன்னாங்க, இல்லப்பா?” என்றாள் விஷ்ணுப்ரியா.

தம்புசாமி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். போன வருஷம் மனைவி சந்திரகலாவைப் பறிகொடுத்ததிலிருந்து, அவர் கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி ஊர் வாய் ஓயவில்லை. அவர் கை நீட்டிக் காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. பழங்கள் மெல்ல நசுங்கின. காருக்குள் எலுமிச்சை வாசம் நிறைந்தது. பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு மடியைச் சுற்றியதுபோல் விலகி நின்று, மூச்சுக்கு மூச்சு அசைந்தது.

தம்புசாமி வேகமாக ஓட்டித்தான் சந்திரகலா இறந்தாள் என்று கிள்ளானில் சொல்கிறார்கள். அது பொய். லோரி இடித்தபோது கார் பாசார் சந்தை வாசலில் நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.